ஜான்ஸ் தீவின் குடிமைப் பள்ளிகள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்லஸ்டன் துறைமுக நகருக்குத் தென்மேற்கே, ஆறுகளும் உப்புச் சதுப்புகளும் சூழ்ந்த நிலப்பரப்பு ஜான்ஸ் தீவு. 1957 ஜனவரியில் அங்கு ஒரு மளிகைக் கடையின் பின்னறையில், பகலெல்லாம் வயலிலும் பிறர் வீட்டிலும் உழைத்த கறுப்பின மக்களுக்கான இரவு வகுப்பு தொடங்கியது. பெயரெழுதுவதில் ஆரம்பித்து, மாநில அரசமைப்புச் சட்டத்தின் பிரிவுகளைப் பிழையின்றி வாசிப்பதுவரை அங்கே கற்பிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தை வாசித்துக் காட்டவும் முடியாமல், போதிய சொத்தும் இல்லாதவருக்கு வாக்குரிமை கிடையாது என்பது அன்றைய மாநில விதி. அந்த ஒற்றை வகுப்பிலிருந்து கிளைத்த ‘குடிமைப் பள்ளிகள்’ அடுத்த பத்தாண்டுகளில் தென் மாநிலங்கள் முழுவதும் பரவின.

எழுத்தும் தடையும்

தென் கரோலினாவில் எழுத்தறிவு தொடக்கத்திலிருந்தே ஆட்சியாளரின் கவலைக்குரிய பொருளாக இருந்தது. 1739இல் சார்லஸ்டனுக்கு அருகே ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. மறு ஆண்டே காலனியின் சட்டமன்றம் ஓர் அடிமைச் சட்டத்தை இயற்றியது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு 100 பவுண்டு தண்டம் என்று அது விதித்தது. எழுதத் தெரிந்த அடிமை தனக்குத் தானே பயண அனுமதிச் சீட்டு எழுதிக்கொள்ள முடியும் என்ற அச்சம் எசமானர்களுக்கு இருந்தது. 1834இல் வந்த சட்டம் வாசிக்கக் கற்பிப்பதையும் குற்றமாக்கியது.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபோது நிலைமை தலைகீழானது. 1868இல் எழுதப்பட்ட மாநில அரசமைப்பு, இன வேறுபாடின்றி ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமையும் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளியும் தர முனைந்தது. அதை எழுதிய மன்றத்தில் கறுப்பினப் பிரதிநிதிகளே பெரும்பான்மை. இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று கூறும் 15ஆம் திருத்தம் 1870இல் நாட்டின் அரசமைப்பில் சேர்ந்தது.

1877இல் தெற்கில் நிறுத்தப்பட்டிருந்த கூட்டரசின் படைகள் பின்வாங்கியதும் வெள்ளையரின் பழைய ஆதிக்கம் மீண்டது. 15ஆம் திருத்தம் இருந்ததால், கறுப்பினத்தவர் வாக்களிக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சட்டம் எழுத வழியில்லை. இனத்தின் பெயரைச் சொல்லாமலேயே அந்த விளைவைத் தரும் சட்டங்கள் தேவைப்பட்டன. 1882இல் தென் கரோலினா கொண்டுவந்த ‘எட்டுப் பெட்டிச் சட்டம்’ அவற்றுள் முந்தியது. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனி வாக்குப் பெட்டி வைக்கப்பட்டது. பெட்டியின் மேல் ஒட்டிய பெயரை வாசித்து உரிய பெட்டியில் சீட்டைப் போடாவிட்டால் வாக்கு செல்லாது. யாராவது வரிசையை நினைவில் வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் பெட்டிகளின் இடத்தை மாற்றியும் வைத்தார்கள்.

இதை நிலையாக்கியது 1895ஆம் ஆண்டின் புதிய அரசமைப்பு. அதை எழுதிய மன்றத்தை முன்னாள் ஆளுநர் பென் டில்மன் முன்னின்று நடத்தினார். அதில் கறுப்பினப் பிரதிநிதிகள் ஆறு பேர் மட்டுமே இருந்தனர். போர்க் காலத்தில் எதிரணியின் கப்பலைக் கடத்திச் சென்று விடுதலை பெற்ற ராபர்ட் ஸ்மால்ஸ் அவர்களில் ஒருவர். கடலோரத் தீவுப் பகுதியான போஃபர்ட்டைச் சேர்ந்தவர். அவர் கடுமையாக வாதிட்டும் பயனில்லை. இறுதி ஆவணத்தில் கையெழுத்திட மறுத்தார். புதிய விதி இது: பதிவு அதிகாரி எடுத்துக் கொடுக்கும் அரசமைப்புப் பிரிவு எதுவாயினும் அதை வாசிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும், இல்லையேல் குறைந்தது 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி செலுத்தியிருக்க வேண்டும். அப்போது மாநிலக் கறுப்பின மக்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எழுத்தறிவில்லை. அந்த அளவு சொத்துடையோர் எழுத்தறிந்தவரினும் குறைவு.

அதே அரசமைப்பு, எந்தெந்தக் குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் வாக்குரிமை இழப்பார் என்று நீண்ட பட்டியலையும் தந்தது. பொய்ச் சாட்சி, கள்ளக் கையெழுத்து, இருதார மணம், நம்பிக்கை மோசடி என்று நீளும் அந்தப் பட்டியல் வாக்காளர் விண்ணப்பத்திலும் ஏறியது. விண்ணப்பத்தை நிரப்புவதற்கே சட்டக் கல்லூரி மாணவர் தடுமாறும் சொற்களைக் கடந்தாக வேண்டியிருந்தது.

தேர்வு நடந்த விதம்

மிசிசிப்பி 1890லேயே இத்தகைய விதியை எழுதிவிட்டது. அங்கே ஒரு பிரிவை வாசிக்க வேண்டும், இல்லையேல் பிறர் வாசிக்கக் கேட்டு அதைப் புரிந்துகொள்ளவோ விளக்கவோ வேண்டும். லூசியானா, வட கரோலினா, அலபாமா, வர்ஜீனியா, ஜார்ஜியா என மற்ற மாநிலங்களும் அடுத்த இருபது ஆண்டுகளில் தத்தம் வழியில் பின்தொடர்ந்தன. எழுத்தறிவில்லாத வெள்ளையரைக் காப்பாற்ற, லூசியானா 1898இல் ‘பாட்டனார் விதி’யைச் சேர்த்தது: 1867க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தவரின் மகனுக்கும் பேரனுக்கும் தேர்விலிருந்து விலக்கு. இதே போன்ற ஓக்லஹோமா விதியை உச்ச நீதிமன்றம் 1915இல் செல்லாததாக்கியது. எழுத்தறிவுத் தேர்வை மட்டும் அது தொடவில்லை. 1898இல் மிசிசிப்பி வழக்கிலும் 1959இல் வட கரோலினா வழக்கிலும், எல்லா இனத்தாருக்கும் ஒன்றுபோல் விதிக்கப்பட்டிருப்பதால் தேர்வு செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

காகிதத்தில் ஒன்றுபோல் இருந்த விதி, பதிவாளரின் மேசையில் இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பிரிவைக் கொடுப்பது, வாசிப்பு சரியா, விளக்கம் போதுமா என்பவற்றையெல்லாம் அவரே முடிவு செய்தார். வெள்ளையருக்கு ஒரு வரிப் பிரிவு கிடைக்கும். கறுப்பினத்தவருக்கு வரிவிதிப்பு பற்றியோ நிறுவனங்கள் பற்றியோ ஒரு பக்கம் நீளும் பிரிவு கிடைக்கும். மிசிசிப்பியின் 1955ஆம் ஆண்டு விண்ணப்பம், ஒரு பிரிவைப் பார்த்தெழுதி விளக்குவதுடன், அரசமைப்பு ஆட்சியில் குடிமகனின் கடமைகள் யாவை என்று எழுதவும் சொன்னது. விடைக்கு மதிப்பெண் முறையோ, தோற்றதற்குக் காரணம் சொல்லும் கட்டாயமோ இல்லை. தேர்வுக்குச் சென்றவரின் பெயர் முதலாளியின் காதுக்கு எட்டினால் வேலையும் வீடும் பறிபோகும் என்ற அச்சம் தனி.

இந்தச் சட்டமொழி கடலோரத் தீவுகளின் மக்களுக்கு இருமடங்கு அந்நியமாக இருந்தது. அவர்கள் பேசியது கல்லா. ஆங்கிலச் சொற்களும் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளின் அமைப்பும் கலந்து உருவான மொழி. அதைக் கொச்சை ஆங்கிலம் என்று பள்ளிகளும் அலுவலகங்களும் இழிவாகப் பார்த்தன. பாலங்கள் வரும்வரை நகரத்தோடு தொடர்பு குறைவாக இருந்ததால் அந்த மொழியும் வழக்கங்களும் தீவுகளில் நிலைத்தன.

பேருந்தில் நடந்த பாடம்

ஜான்ஸ் தீவில் 1910இல் பிறந்த ஈசா ஜென்கின்ஸ் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். விவசாயமும் காய்கறி வணிகமும் செய்தார். சார்லஸ்டனின் காய்கறி வணிகர்கள் பலர் கிரேக்கர்களாக இருந்ததால் அவர்களுடன் பேரம் பேசக் கிரேக்க மொழியையே கற்றுக்கொண்டார். பின்பு பேருந்து வாங்கி, தீவு மக்களை நகரத்து வேலைகளுக்கு நாள்தோறும் ஏற்றிச் சென்றார். 1948இல் தீவினர் சேர்ந்து முற்போக்குச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கியதில் அவர் பங்கு பெரிது.

அந்தப் பேருந்தில் பயணம் செய்த ஆலிஸ் வைன் என்ற பெண், வாசிக்கத் தெரியாத தனக்கு வாக்காளராகப் பதிய உதவ முடியுமா என்று கேட்டார். ஜென்கின்ஸ் அரசமைப்பின் பிரிவுகளைப் படியெடுத்துப் பயணிகளுக்குக் கொடுத்தார். நகரத்துக்குச் செல்லும் நேரத்தில் அவற்றை வாசித்து விளக்கினார். ஆலிஸ் வைன் கேட்டுக் கேட்டே ஒரு பிரிவை மனப்பாடம் செய்து தேர்வில் தேறிப் பதிவும் பெற்றார். ஆனால் வாசிக்கத் தெரியவில்லை என்ற குறை அவருக்குத் தீரவில்லை. வேறு பிரிவைக் கொடுத்திருந்தால் மனப்பாடம் கைகொடுத்திருக்காது. பெரியவர்களுக்கு முறையான பள்ளி ஒன்று வேண்டும் என்ற முடிவுக்கு ஜென்கின்ஸ் வந்தது இந்த அனுபவத்தால்தான்.

அவருக்குத் துணையாக அமைந்தவர் செப்டிமா கிளார்க். 1898இல் சார்லஸ்டனில் பிறந்தவர். தந்தை அடிமையாகப் பிறந்தவர். 1916இல் ஆசிரியப் பயிற்சி முடித்தபோது, சார்லஸ்டன் நகரப் பொதுப் பள்ளிகள் கறுப்பின ஆசிரியர்களை வேலைக்கு எடுப்பதில்லை. எனவே ஜான்ஸ் தீவின் பள்ளிக்குச் சென்றார். இரண்டு ஆசிரியர்களுக்கு 130க்கு மேற்பட்ட மாணவர்கள். பாடநூல் இல்லாததால், சுற்றியுள்ள மரம், வழி, வானம் பற்றி மாணவர்கள் சொன்ன கதைகளைக் காகிதப் பைகளில் எழுதி அவற்றையே வாசிப்புப் பாடமாக்கினார். மாலையில் பெரியவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய குடிமைப் பள்ளியின் விதை அங்கேயே இருந்தது.

1956இல் தென் கரோலினா சட்டமன்றம், கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் அரசு ஊழியர்கள் உறுப்பினராக இருக்கத் தடை விதித்தது. கிளார்க் உறுப்பினர் பதவியை விட மறுத்தார். வேலை போனது, ஓய்வூதிய உரிமையும் போனது. டென்னசி மாநிலம் மான்ட்டீகிளில் மைல்ஸ் ஹார்ட்டன் 1932இல் நிறுவிய ஹைலாண்டர் பள்ளி அவரைப் பயிலரங்க இயக்குநராக ஏற்றது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாக உண்டு, தங்கி, விவாதித்த அபூர்வமான இடம் அது. கிளார்க் வேலையிழப்பதற்கு முன்பே, 1955 கோடையில், அங்கே அவர் நடத்திய பயிலரங்குக்கு வந்தவர்களில், பின்னர் மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பைத் தூண்டிய ரோசா பார்க்ஸும் ஒருவர். அதற்கு முந்தைய ஆண்டே ஜென்கின்ஸ் ஹைலாண்டருக்கு வந்து, தன் தீவுக்கு வேண்டியது பெரியவர்களுக்கான பள்ளி என்று சொல்லியிருந்தார்.

பின்னறை வகுப்பு

ஹைலாண்டர் 1,500 டாலரை வட்டியில்லாக் கடனாகத் தர, முற்போக்குச் சங்கம் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றை வாங்கியது. முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பறை. வெள்ளையரின் கண்ணில் படாமல் இருக்கக் கடை மறைப்பாக உதவியது. அதன் வருமானம் கடனையும் அடைத்தது.

ஆசிரியராகப் பள்ளி ஆசிரியர் எவரையும் அழைக்கவில்லை. அரசுச் சம்பளம் வாங்குபவரை எளிதில் வேலையிலிருந்து நீக்கிவிடலாம். மேலும் குழந்தைகளுக்குக் கற்பித்துப் பழகியவர் பெரியவர்களையும் குழந்தைகள்போல் நடத்திவிடுவார் என்று ஹார்ட்டனும் கிளார்க்கும் கருதினர். கிளார்க்கின் உறவினரான பெர்னிஸ் ராபின்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் அழகு நிலையம் நடத்தியவர், தையல்காரர். வாடிக்கையாளர் எல்லாரும் கறுப்பினப் பெண்கள் என்பதால் அவருடைய பிழைப்பில் வெள்ளையர் கைவைக்க முடியாது. நியூயார்க்கில் வாழ்ந்தபோது தடையின்றி வாக்களித்துப் பழகியவரும்கூட.

1957 ஜனவரி 7 அன்று முதல் வகுப்புக்குப் 14 பேர் வந்தனர். தொடக்கப் பள்ளிப் பாடப் பொருள்களை ராபின்சன் கொண்டுவந்திருந்தார். முதல் நாளிலேயே அவை பயன்படா என்று புரிந்துகொண்டு ஒதுக்கிவைத்தார். தான் ஆசிரியர் அல்ல, எல்லாருமாகச் சேர்ந்து கற்போம் என்று சொல்லி, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். பெயரெழுத வேண்டும், வெளியூரிலிருக்கும் பிள்ளைகளின் கடிதத்தை வாசிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், அஞ்சல்வழிக் கடையின் விலைப்பட்டியலைப் பார்த்துப் பொருள் வரவழைக்க வேண்டும் என்று பதில்கள் வந்தன. அந்தப் பதில்களே பாடத்திட்டமாயின.

வாரம் இரண்டு இரவுகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். வயல் வேலை ஓய்ந்த குளிர்கால மாதங்கள்தான் கல்வியாண்டு. ஒவ்வொருவரின் பெயரையும் அட்டையில் எழுதிக் கொடுத்து, கை பழகும்வரை பென்சிலால் அதன்மேலேயே எழுதவைத்தார் ராபின்சன். வயல் வேலையில் காய்த்த விரல்களுக்குப் பென்சில் பிடிப்பதே முதல் பயிற்சியாக இருந்தது. உரம், விதை, பெட்ரோல் விலைகளைக் கொண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்தார். வாக்காளர் விண்ணப்பத்தையும் அரசமைப்பின் பிரிவுகளையும் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினார். கடினமான சொல்லை முதலில் அசையசையாகப் பிரித்து உச்சரிப்பார்கள். பிறகு அது தங்கள் வாழ்க்கையில் எதைக் குறிக்கிறது என்று பேசுவார்கள். கடைசியில் அதை வைத்து வாக்கியம் எழுதுவார்கள். வரி என்ற சொல் வந்தால் தீவுக்காரர் கட்டும் வரியும் போடப்படாத சாலையும் பேச்சில் வந்துவிடும். ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டி, பருவம் முடிவதற்குள் அதை எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்.

சொல்லுக்குப் பொருளும் அந்தப் பொருளுக்கு ஊரில் உள்ள சான்றும் கூடவே கற்பிக்கப்பட்டது இந்த முறையின் அடிப்படை. தேர்வுக்குத் தேவையானது வாசிப்பு மட்டும். ஆனால் வாசித்தவர் தனக்குரியது என்ன, மறுக்கப்பட்டது என்ன என்றும் அறிந்தார். மக்களை வெளியே நிறுத்த வைத்த நூலே அவர்களுக்கு அரசியல் பாடநூலானது.

தீவிலிருந்து தென் மாநிலங்களுக்கு

முதல் வகுப்பில் கற்றவர்கள் பதிவு பெற்ற செய்தி பரவியதும், அண்டைத் தீவுகளான வாட்மலாவும் எடிஸ்டோவும், வடக்கு சார்லஸ்டனும் தங்களுக்கும் பள்ளி கேட்டன. புதிய வகுப்புகளுக்கு அந்தந்த ஊர்க்காரரே ஆசிரியராயினர். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது ராபின்சன், கிளார்க் இருவரின் வேலையானது. வரிகள், அரசியல் கட்சிகள், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், வாக்காளர் பதிவு ஆகியவற்றை எளிய நடையில் விளக்கும் சிறு பயிற்சி நூல்களை ஹைலாண்டர் அச்சிட்டது.

இதை டென்னசி அரசு பொறுக்கவில்லை. 1959 ஜூலை 31 அன்று காவல்துறை ஹைலாண்டரில் புகுந்து சோதனையிட்டது. கிளார்க் கைது செய்யப்பட்டார். உரிமமின்றிப் பீர் விற்றது, இன வேறுபாடு பாராமல் பள்ளி நடத்தியது போன்ற குற்றச்சாட்டுகளின் பேரில் நிறுவனத்தின் பதிவு ரத்தாகி, 1961இல் சொத்து பறிமுதலானது. அதற்குள் குடிமைப் பள்ளித் திட்டம் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்புக்குக் கைமாறியிருந்தது.

புதிய பயிற்சி மையம் ஜார்ஜியாவின் மெக்கிண்டாஷ் என்ற ஊரில், அடிமைமுறை ஒழிந்தபின் விடுதலை பெற்றவர்களுக்காகக் கிறித்தவ ஊழியச் சங்கம் நடத்திய டார்ச்செஸ்டர் பள்ளி வளாகத்தில் அமைந்தது. கிளார்க், டொரோதி காட்டன், ஆண்ட்ரூ யங் மூவரும் பொறுப்பேற்றனர். மாதந்தோறும் பல மாநிலங்களிலிருந்து விவசாயிகள், சமையற்காரர்கள், முடி திருத்துவோர், ஓய்வுபெற்றோர் என்று வருபவர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி. குடிமகன் என்றால் யார் என்ற கேள்வியைக் காட்டன் முன்வைப்பார். விடைகளைத் தொகுத்துக்கொண்டே 14ஆம் திருத்தத்துக்கு வருவார்: அந்நாட்டில் பிறந்தவர் எல்லாரும் குடிமக்கள், சட்டத்தின் சமப் பாதுகாப்பு எல்லாருக்கும் உண்டு. பயிற்சி முடித்தவர்கள் ஊர் திரும்பிச் சமையலறையிலும் தேவாலயத்திலும் அழகு நிலையத்திலும் வகுப்பு நடத்தினர். இவ்வாறு பயிற்சி பெற்றவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

அவர்களுள் பெரிதும் அறியப்பட்டவர் மிசிசிப்பியின் ஃபேனி லூ ஹேமர். 1962 ஆகஸ்ட் 31 அன்று ரூல்வில்லிலிருந்து 17 பேருடன் இண்டியனோலா சென்று பதிவுக்கு முயன்றார். அவருக்குக் கிடைத்தது மாநில அரசமைப்பின் 16ஆம் பிரிவு. நடந்து முடிந்த செயலைப் பின்னால் வரும் சட்டத்தால் குற்றமாக்கக் கூடாது என்று இலத்தீன் தொடரோடு சொல்லும் பிரிவு அது. பருத்தி வயலில் உழைத்தவருக்கு விளக்கம் தெரியவில்லை, தோற்றார். 18 ஆண்டுகள் வேலை செய்த பண்ணையிலிருந்து அன்றே வெளியேற்றப்பட்டார். 1963 ஜனவரியில் தேறினார். அதே ஆண்டு ஜூனில், சார்லஸ்டனில் குடிமைப் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் வினோனாவில் அவரும் தோழர்களும் கைது செய்யப்பட்டுச் சிறையில் கொடூரமாகத் தாக்கப்பட்டனர்.

இயக்கத்தின் உள்ளேயும் குறை இருந்தது. மாநாட்டின் தலைமை ஆண்களின் கையில் இருந்தது. பள்ளிகளைத் தாங்கியவர்களோ பெரும்பாலும் பெண்கள். கிங் ஒருவரே எல்லா ஊர்வலங்களையும் வழிநடத்துவதைவிட, ஊர்தோறும் தலைவர்களை உருவாக்க வேண்டும் என்று கிளார்க் எழுதிய கடிதம் கிங்கின் அலுவலர்களிடையே சிரிப்பைத்தான் எழுப்பியது என்று அவரே பின்னர் பதிவு செய்தார்.

தேர்வு ஒழிந்தபின்

லூசியானாவின் விளக்கத் தேர்வை உச்ச நீதிமன்றம் 1965 மார்ச்சில் செல்லாததாக்கியது. அலபாமாவின் செல்மா நகரில் வாக்குரிமைக்காக நடந்த போராட்டத்தைத் தொடர்ந்து அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம், பெரும்பாலான தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தியது. பதிவாளர் மறுத்தால் கூட்டரசு அலுவலரே பதிவு செய்யலாம் என்றும் வகை செய்தது. சட்டத்தை எதிர்த்து முதலில் வழக்குத் தொடுத்தது தென் கரோலினாதான், 1966இல் தோற்றது. மிசிசிப்பியில் 1964இல் ஏறத்தாழ 7 விழுக்காடாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு 1967இல் 60 விழுக்காட்டை நெருங்கியது. தேர்வுத் தடை 1970இல் நாடு முழுவதற்கும் விரிந்து 1975இல் நிரந்தரமானது.

வாசித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் நீங்கியதும் குடிமைப் பள்ளிகளின் முதல் நோக்கம் நிறைவேறிவிட்டது. நிதியும் சுருங்கியது, 1970 வாக்கில் திட்டம் ஓய்ந்தது. அதில் உருவானவர்கள் ஓயவில்லை. ஜான்ஸ் தீவில் கடன் சங்கம், மருத்துவ வசதி, குழந்தைகள் காப்பகம் போன்றவற்றுக்கான முயற்சிகளில் அவர்களே நின்றனர். ஜென்கின்ஸ் 1972இல் இறந்தார். அதே ஆண்டு ராபின்சன் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டார், வெற்றி கிட்டவில்லை. கிளார்க்கின் ஓய்வூதிய உரிமையை மாநில அரசு 1976இல் ஏற்றுக்கொண்டது. அவரை வேலையிலிருந்து நீக்கிய சார்லஸ்டன் கல்வித்துறையின் ஆட்சிக் குழுவுக்கே அவர் அந்தப் பத்தாண்டில் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1987இல் தம் 89ஆம் வயதில் ஜான்ஸ் தீவில் காலமானார்.